படம் நொம்ப மோசம்

பத்து வயது வரைக்கும் எனக்குப் பிடிக்காத படம் என்று ஒன்று கிடையாது. நாகலூரில் எங்கள் பக்கத்தில் டிவி இருந்த ஒரே வீடு, காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டருடையது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதில் எதைப் போட்டாலும் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பேன். என்னைக் கெடுத்தது ஒரே ஒரு படம்தான்.

அதில் பட்டணத்துக் கதாநாயகன் ஒரு மலைக்கு வருகிறான். மலைக்காரர்கள் இடுப்பில் இலையும் தலையில் இறகுமாக, பாஷை இல்லாமல் ஏதோ கத்திக்கொண்டு அவனைச் சுற்றி ஆடுகிறார்கள். அவன் தீக்குச்சியை உரசியதும் அத்தனை பேரும் அலறிக் காலில் விழுகிறார்கள். சேலத்திலிருந்து வந்திருந்த ரைட்டரின் விருந்தாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். தலைமுறை தலைமுறையாகச் சேர்வராயன் மலையில் சாமையும் காபியும் போட்டுவந்த மலைக்காரர்கள் நாங்கள். அப்பாவின் சட்டைப் பையில் அப்போது தீப்பெட்டி இருந்தது.

"பொய்யி! எங்கூட்ல யாரும் எலை கட்றதில்ல!" என்று கத்திவிட்டேன்.

"சும்மா சினிமாதானே, பேசாம பாரு கண்ணு" என்றார் ரைட்டரின் மனைவி. அப்பா என் தொடையைக் கிள்ளினார்.

நேயர் கடிதம் படிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. முடிவில் விலாசம் காட்டுவார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டு, யாருக்கும் தெரியாமல் ஒரு கார்டு எழுதிப் போட்டேன்.

நாலைந்து வாரம் கழித்து, ரைட்டர் வீட்டில் நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தபோதே ஒரு பெண்மணி டிவியில் அதைச் சிரித்துக்கொண்டே படித்தார். "ஐயா, நான் சேர்வராயன் மலை, நாகலூர். எங்களுக்குத் தமிழ் தெரியும். எங்கள் அப்பாவிடம் தீப்பெட்டி இருக்கிறது. படம் எடுத்தவரை பஸ் ஏறி வந்து பார்க்கச் சொல்லுங்கள். படம் நொம்ப மோசம்."

ரைட்டர் எழுந்து நின்றுவிட்டார். அப்பாவுக்கு எஸ்டேட்டில் தினமும் வேலை கொடுப்பது அவர்தான்.

"ஏப்பா, எங்கூட்டு டிவியப் பாத்துப்போட்டு, நாகலூர்னு ஊரச் சொல்லி எங்களுக்கே கெட்ட பேரா? புள்ளைய மன்னிப்புக் கேக்கச் சொல்லு."

"கேக்க மாட்டேன்" என்றேன். "நான் எழுதுனது நெசம்."

அறை விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை.

"புள்ள எழுதுனதுல பொய் எதுங்க?" என்று அப்பா கேட்டார். நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

இனி அந்த வாசலை மிதிக்கவே முடியாது என்று வாரமெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவே என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். அந்த வீட்டில் எங்களைப் போன்றவர்களுக்கு எப்போதும் தரைதான். நாற்காலிகள் சேலத்து ஆட்களுக்கு. அப்பா நேராக உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியைத் தட்டி, "ஏறி உக்காரு சாமி" என்றார். ரைட்டரின் மனைவி கையில் காபி டம்ளரோடு அப்படியே நின்றார். படம் ஆரம்பித்தது.

கீழே உட்கார்ந்தால் முன்னால் இருப்பவர்களின் தலை மறைக்கும், அதனால்தான் அப்பா மேலே உட்கார்ந்தார் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.