சாவி என்று சொல்லித் தேடியது

அன்று கடற்கரையில் இருந்தது நான்கு பேர். நான், அரசலாறு கடலில் விழும் இடத்தில் கடலை வறுத்து விற்கும் பாய், கோட்டுச்சேரிமேட்டிலிருந்து வந்த ஒரு பெண், அவளுடைய நாத்தனார். ஐந்தாவதாக ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால் அவர் கடலுக்குள் இருந்தார். அந்தப் பெண்ணின் புருஷன்.

எண்பதுகளின் தொடக்கம். பிரான்சில் பட்டாளத்தில் இருந்த என் மச்சான் லீவில் வந்தபோது ஒரு மெஷின் கொண்டுவந்தார். நீளக் கம்பி, நுனியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு வட்டம். மண்ணுக்குள் உலோகம் இருந்தால் கூவும். திரும்பிப் போகும்போது, "நீங்களே வச்சுக்குங்க அத்தான், சும்மா பொழுது போவும்" என்று கொடுத்துவிட்டார். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதில் எழுதியிருந்த பிரெஞ்சு எனக்கு என்ன தெரியும்? எந்தத் திருகை எவ்வளவு திருப்பலாம் என்று பயந்து பயந்துதான் பழகினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நெரவியிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போவேன். ஆணி, சோடா மூடி, ஊக்கு, எப்போதாவது ஒரு மெட்டி, பிரெஞ்சுக்காரன் காலத்துக் காசு. தங்கம் கிடைக்கவில்லையே என்று நான் வருத்தப்பட்டதில்லை. கிடைத்துவிடுமோ என்றுதான் பயம். பொன்னைத் தொலைப்பதும் ஆகாது, கண்டெடுப்பதும் ஆகாது என்பார்கள் எங்கள் பக்கத்தில். பிறகு ஏன் போனாய் என்றால், அந்தக் கூவல்தான்.  அது வேண்டியிருந்தது.

ஐப்பசி மாதம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டதாகப் பேச்சு. காற்று வாடைக்குத் திரும்பியிருந்தது. பாய்தான் அந்த இரண்டு பெண்களையும் என்னிடம் அனுப்பினார்.

"அண்ணே, சாவி ஒண்ணு விழுந்துட்டு" என்றாள் சின்னவள். "நேத்து விடியகாலைல சோத்துத் தூக்கு குடுக்க வந்தேன். இந்தப் பக்கந்தான் நின்னேன்."

நாத்தனார் கவிழ்த்துப் போட்ட கட்டுமரத்தில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "ஒரு சாவிக்கு மெசினாடி? பூட்ட ஒடச்சா போச்சு."

"ரெட்டப் பூட்டு அண்ணி."

"உள்ள என்ன, ராசா வீட்டு நகையா வச்சிருக்க?"

பாய் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. சின்னவள் கழுத்தில் கிடந்த கயிறு புத்தம் புதுசு, மஞ்சள் காயாதது. முந்தானையை இழுத்து இழுத்து மூடினாள். ஒரு தடவை காற்று விலக்கியபோது பார்த்துவிட்டேன். தாலி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு. உப்புத் தண்ணீரில் இற்றுப்போன பழைய கயிறு அறுந்து, பொட்டுத்தாலி மண்ணில் விழுந்திருக்கிறது. புருஷன் போட்டில் ஏறிய அதே நேரத்தில். அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? சாவி என்றுதான் சொல்ல முடியும். அவர் கரை ஏறுவதற்குள் அது கழுத்துக்கு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

இதில் நாம் ஏன் மாட்டிக்கொண்டோம் என்று இருந்தது எனக்கு. போதாததற்கு மெஷின் முனக ஆரம்பித்தது. பேட்டரி கட்டை தீர்ந்துவிட்டது.

"வாங்கிட்டு வாங்கண்ணே. அவுக போட்டு வந்துரட்டும், மீன் வித்ததும் கட்டைக் காசு குடுத்துர்றேன்."

கடைத்தெருவுக்கு ஓடி ஆறு கட்டை வாங்கிவந்தேன். வருவதற்குள் வானம் கிழக்கே கறுத்துவிட்டது. போட்டுகள் ஒவ்வொன்றாக முகத்துவாரத்துக்குள் நுழைந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் நாத்தனார் எழுந்து பார்ப்பார், "இது இல்ல" என்று உட்காருவார்.

ஒரு ஊக்கு. ஒரு தகர மூடி. பிறகு, வலை காயப்போடும் மேட்டருகே, சின்னதாக, சுத்தமாக ஒரு கூவல். விரலால் கிளறினேன். மஞ்சளாக ஒரு மினுக்கு.

கையை இழுத்துக்கொண்டேன். இன்னொருத்தர் கட்டின தாலியை நான் எடுத்து அவள் கையில் கொடுப்பதா? குதிகாலால் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

"தங்கச்சி, சாவி இதுக்குள்ளதான் இருக்கு. நீங்களே எடுத்துக்குங்க."

அவள் ஓடிவந்து மண்ணோடு அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள். நிமிர்ந்தால் எதிரே நாத்தனார்.

"குடு."

"சாவிதான் அண்ணி…"

"அடி போடி. மூணாவது முடிச்சு போட்டவ நானு. ஒன் கழுத்துல என்ன கெடக்குன்னு எனக்குத் தெரியாதா? நேத்துலேருந்து பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

சின்னவள் அழவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். "இப்பவே கோத்துக் கட்டிவிடுங்க அண்ணி. கழுத்துல ஏறிட்டா அவுக வந்துருவாக."

நாத்தனார் தாலிப் பொட்டை எடுத்து, மண்ணை ஊதி, தன் சேலை நுனியில் முடிந்துகொண்டார். கடலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "போட்டு வரட்டும். கட்டிப்புட்டு, நாளைக்கி என்னையவே அறுக்கச் சொல்றியா?"

 பாய் அடுப்பை அணைத்தார். மழை விழ ஆரம்பித்தது. இன்னொரு போட்டு வந்தது. நாத்தனார் எழுந்தார், உட்கார்ந்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மெஷினைச் சாக்கில் சுற்றி, சொல்லிக்கொள்ளாமல் சைக்கிளை எடுத்தேன்.

அந்தக் காற்றில் ஒரு போட்டு திரும்பவில்லை என்று மறுநாள் நெரவியில் பேசிக்கொண்டார்கள். எந்த ஊர்ப் போட்டு என்று டீக்கடையில் யாரோ சொல்ல வாயெடுத்தபோது எழுந்து வந்துவிட்டேன். மெஷினை ஆணியில் மாட்டினதுதான், பிறகு எடுக்கவில்லை. கட்டைகள் அதற்குள்ளேயே பொங்கி ஒழுகின. மீன் கூடை வைத்துக்கொண்டு எந்தப் பெண் தெருவில் வந்தாலும், முகத்துக்கு முன்னால் என் கண் கழுத்துக்குத்தான் போகும். அவள் வரவில்லை. பாயிடம் கேட்டிருக்கலாம். கோட்டுச்சேரிமேட்டுக்கே போய், கட்டைக் காசு என்று வாசலில் நின்றிருக்கலாம். போட்டு வந்ததும் தருகிறேன் என்று சொன்னவளிடம் போய்க் காசு கேட்டால், வேறு எதையோ கேட்டதாகத்தானே ஆகும்?

எனக்கு இன்னும் வரவேண்டியது ஆறு கட்டைக்குப் பன்னிரண்டு ரூபாய்.