முன் சீட்டு மட்டும் புதுசு

"நாலு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர்டா! நிலாவுக்குப் போயிட்டு, திரும்புற வழியில மூச்சு வாங்கிட்டு நிக்கிற வண்டி இது!"

"மீட்டரைத் திருப்பி வைக்காம உள்ளதை உள்ளபடி காட்டுறாங்க பாருங்க மாமா, அதுக்கே..."

"உள்ளபடிதான்டா என் பல்லும் இருக்கு. அதுக்காக எவளாவது என்னைக் கட்டிக்குவாளா?"

"உங்களை யாரு கட்டிக்கச் சொன்னா? வண்டியத்தானே..."

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க. அந்தம்மா பாத்துக்கிட்டு இருக்கு," என்றேன் நான்.

இதில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. எனக்கு அறுபத்தெட்டு வயதாகிறது. பொய் சொல்லி யாரையும் பயமுறுத்தி எனக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. மே மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, பட்டப்பகலில் நடந்தது. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

மல்காஸ் என் ஒரே பிள்ளை. ஜெமால் என் தம்பி. என் கணவர் இறந்தபோது மல்காஸுக்கு மூன்று வயது. அன்றிலிருந்து ஜெமால்தான் அவனுக்கு அப்பன். கல்யாணம்கூட செய்துகொள்ளவில்லை. எங்கள் கோரி நகரத்தில் முப்பது வருடம் டாக்ஸி ஓட்டி அவனை ஆளாக்கினான். மாமனும் மருமகனும் காலையிலிருந்து இரவு வரை சண்டை போடுவார்கள். ஆனால் ஒருவன்மேல் ஒருவன் விரல் வைத்ததில்லை. அவர்கள் இருவரைத் தவிர எனக்கு உலகத்தில் யாருமில்லை.

மல்காஸ் சொந்தமாகப் பயணிகளை ஏற்றி ஓட்ட வேண்டும் என்றான். அதற்குப் பெரிய ஜெர்மன் கார்தான் வேண்டும் என்றான். கறுப்பு நிறம், தோல் இருக்கை, பதினெட்டு வருடப் பழசு. மலைக்கு அந்தப் பக்கம், ஸெஸ்டாஃபோனி ஊரைத் தாண்டி ஒரு கிராமத்தில் விலைக்கு வந்திருந்தது.

விற்றவள் பெயர் லமாரா. என் வயதுதான் இருக்கும். தலையிலிருந்து கால்வரை கறுப்பு உடுத்தியிருந்தாள். எங்கள் பக்கத்தில் கணவனுக்காகச் சாகும்வரை கறுப்பு உடுத்துகிறவர்கள் உண்டு. அதனால் நான் எதுவும் கேட்கவில்லை.

"வண்டி என் பெரியவனுது. போலந்துக்கு வேலைக்குப் போயிட்டான்," என்றாள். அவ்வளவுதான்.

ஜெமால் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். டயரை உதைத்தான். எண்ணெயை விரலில் தொட்டு மோந்தான். டிக்கியைக் குடைந்து, "சக்கரம் கழட்டுற ஸ்பானர் எங்கம்மா?" என்றான்.

"தெரியாது."

"முன் சீட்டு மட்டும் ஏன் புதுசு?"

மூன்று இருக்கைகள் கறுப்பு. வெடித்துப்போன பழைய தோல். ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கை மட்டும் பழுப்பு நிறம். புத்தம் புதியது.

"நாய் கடிச்சிருச்சு," என்றாள் லமாரா.

அந்த முற்றத்தில் நாய் இல்லை.

பேரம் முடிந்தது. ஜெமால் பையிலிருந்து தன் வீட்டு ஒயின் பாட்டிலை எடுத்தான். புதுச் சாமான் வாங்கினால் ஒயின் குடித்து அதை நனைக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது அல்லவா! அவன் இரண்டு கோப்பை குடித்தான். நான் ஒரு வாய் குடித்தேன். மூன்றாவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு மீட்டரை எட்டிப் பார்த்தான். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாலு லட்சம் ஓட்டியிருக்கானே மகராசன், தொண்டை காஞ்சு போயிருக்கும். இந்தா, நீயும் ஒரு வாய் குடி!"

புது இருக்கைப் பக்கத்துக் கதவைத் திறந்து, கீழே மண்ணில் கோப்பையைக் கவிழ்த்தான்.

உயிரோடு இருப்பவனை நாங்கள் குடித்துத்தான் வாழ்த்துவோம். மண்ணில் ஊற்றுவது கல்லறையில் மட்டும். செத்தவனுக்கு. நீயும் வந்து எங்களோடு குடி என்று கூப்பிடுவது அது.

"அடேய் கழுதை! உயிரோட இருக்கற பிள்ளைக்கு எவனாவது ஊத்துவானா? பெத்தவ முன்னாடியே!"

"விளையாட்டுக்குத்தான் அக்கா..."

வேறு எந்தத் தாயாக இருந்தாலும் அவன் முகத்தைப் பிறாண்டியிருப்பாள். லமாரா நனைந்த மண்ணைப் பார்த்தாள். மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டாள்.

"சீக்கிரம் கிளம்புங்க," என்றாள். நாங்கள் வெளியே வந்ததும் கேட்டைத் தாழ் போடும் சத்தம் கேட்டது.

மணி ஒன்று பத்து.

மல்காஸ் ஓட்டினான். ஜெமால் பக்கத்தில். நான் பின்னால். ஷ்ரோஷாவில் சாலையோரம் மண்பானைகள் அடுக்கி வைத்து விற்பார்கள். அங்கே நிறுத்தச் சொல்லி, ஒயின் ஊற்றி வைக்க ஒரு ஜாடி வாங்குவதற்கு ஜெமால் இறங்கினான். மணி ஒன்று முப்பத்து நாலு.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

டிங்... டிங்... டிங்...

"என்னடா அது?"

"ஒண்ணுமில்லம்மா. முன் சீட்டுல ஆள் உக்காந்து பெல்ட் போடலன்னா அடிக்கும்."

"ஆள்தான் இல்லையே?"

மல்காஸ் திரும்பிப் பார்த்தான். பழுப்பு இருக்கையில் கை வைத்தான். சட்டென்று எடுத்துக்கொண்டான்.

"ஈரமா இருக்கு... மாமா ஒயினைக் கொட்டிட்டாரு போல."

ஜெமால் வெளியே மண்ணில்தான் ஊற்றினான். நான் பார்த்தேன். மல்காஸின் விரல்கள் சிவப்பாக இருந்தன. அவன் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

டிங்... டிங்...

"சனியன்," என்று பெல்ட்டை இழுத்து, காலி இருக்கைக்குக் குறுக்கே மாட்டினான்.

க்ளிக்.

சத்தம் நின்றது. ஆனால் அந்த பெல்ட்... காலி இருக்கையில் தொய்ந்து தொங்க வேண்டும் அல்லவா? தொங்கவில்லை. விறைப்பாக நின்றது. நெஞ்சு இருக்கும் இடத்தில் சற்றே மேடாக.

ஜெமால் ஜாடியோடு வந்தான். அதை என்னிடம் கொடுத்துவிட்டு, பெல்ட்டைக் கழற்றி உட்கார்ந்தான்.

அதன் பிறகு அவன் பேசவில்லை.

வாயை மூடத் தெரியாதவன். ஒரு மைல். இரண்டு மைல். பேச்சே இல்லை. மலைமேல் ஒரு தேவாலயம் வந்தது. மல்காஸ் சிலுவை போட்டான். நானும் போட்டேன். முப்பது வருடத்தில் ஒரு தேவாலயத்தையும் சும்மா தாண்டாத ஜெமாலின் கை அசையவில்லை.

"ஜெமால்... மயக்கமா வருதாடா?"

அவன் கண் சாலையை விட்டு நகரவில்லை.

ஒன்று நாற்பத்து ஏழு. ரிகோட்டி மலைப்பாதை. சுரங்கப்பாதையின் வாய் தெரிந்தது.

"வண்டிய நிறுத்து."

என் தம்பியின் வாய்தான். குரல் அவனுடையதில்லை. கனமான, இளவயதுக் குரல்.

"இங்க எங்க மாமா நிறுத்துறது?"

"என் வண்டிய நிறுத்துடா."

சுரங்கத்துக்குள் நுழைந்தோம். இருட்டு.

பொத்.

மல்காஸின் தலை கண்ணாடியில் மோதியது. மறுபடி பொத். பச்சை எலும்பு உடையும் சத்தம். அவன் மூக்கிலிருந்து ரத்தம் ஸ்டியரிங்கில் கொட்டியது.

"மாமா! மாமா, நான்தான்!"

ஜெமால் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தான். வண்டி சுவரில் உரசியது. கிரீச்ச்ச்... தீப்பொறி. எதிரே லாரியின் ஹாரன். நான் ஜெமாலின் முடியைப் பிடித்து இழுத்தேன். கொத்தாகக் கையோடு வந்தது. அவன் திரும்பவே இல்லை.

வெளிச்சம். சுரங்கம் முடிந்தது. மல்காஸ் எப்படியோ ஓரத்தில் ஏற்றி நிறுத்தினான்.

ஜெமாலின் கை இருக்கைக்கு அடியில் போனது. தேடவில்லை. அங்கே இருப்பது தெரிந்ததுபோல் எடுத்தது.

ஸ்பானர்.

முதல் அடி மல்காஸின் வாயில் விழுந்தது. பல் தெறித்து என் மடியில் விழுந்தது.

இரண்டாவது அடிக்கு நான் குறுக்கே கை நீட்டினேன்.

மளுக்.

வலி தெரியவில்லை. ஜெமால் திரும்பி என்னைப் பார்த்தான். அழுதுகொண்டிருந்தான்.

"அம்மா... நீ தள்ளிக்க," என்றான்.

அக்கா என்று கூப்பிடவில்லை.

அம்மா.

ஸ்பானர் மறுபடி உயர்ந்தது.

நான் ஜாடியை எடுத்தேன். ஒற்றைக் கையால். என் தம்பியின் தலையில் போட்டேன்.

ஜாடி உடைந்தது.

சாய்ந்தான்.

ஒன்று ஐம்பத்து மூன்று.

ஜெமாலுக்குத் தலையில் பத்தொன்பது தையல். மல்காஸுக்கு மூக்கு உடைந்து, மூன்று பல் போயிற்று. எனக்கு மணிக்கட்டு முறிந்தது. வண்டி சுவரில் மோதியது என்று ஆஸ்பத்திரியில் சொன்னோம். யாரும் துருவிக் கேட்கவில்லை.

ஜெமால் வீட்டுக்கு வந்துவிட்டான். எதுவும் நினைவில்லை என்றான். அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை. ஒரே மேஜையில்தான் மூவரும் சாப்பிடுகிறோம். அவன் மல்காஸின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறான். இமைப்பதில்லை. மல்காஸ் ராத்திரி அறைக்கதவைப் பூட்டிக்கொள்கிறான். என் தம்பிக்குப் பயந்து என் பிள்ளை கதவைப் பூட்டும் சத்தத்தை நான் படுக்கையில் கிடந்து கேட்கிறேன்.

ஒன்பதாம் நாள், கட்டுப்போட்ட கையோடு மினிபஸ் பிடித்து லமாராவின் வீட்டுக்குப் போனேன். கேட் திறந்துதான் இருந்தது.

"என் குடும்பத்தைக் கொல்லப் பாத்தியேடி!" என்று கத்தினேன். "யாரு வண்டி அது? போலந்தாவது, மண்ணாவது!"

அவள் என் கையைப் பிடித்து, வீட்டுக்குப் பின்னால் மேட்டுக்கு அழைத்துப் போனாள். கல்லறைத் தோட்டம். புதுக் கறுப்புக் கல் ஒன்று. எங்கள் வழக்கப்படி ஆளுயரத்துக்கு முகமும் உடம்பும் செதுக்கியிருந்தார்கள். இரண்டு வாலிபர்கள், தோளில் தோள் உரச. நடுவில் அந்தக் கார். நம்பர் பலகையில் எண்கூடத் தெளிவாக இருந்தது.

இரண்டு பெயருக்கும் கீழே இறந்த தேதி ஒன்றே.

"அப்பன் வெச்சிட்டுப் போன வண்டி. யாருக்குன்னு சண்டை," என்றாள். "முன் சீட்டுல உக்காந்திருந்தவனை மத்தவன் ஸ்பானரால அடிச்சான். முகமே இல்லாம போற வரைக்கும் அடிச்சான். சாயங்காலம் அவனே ஆத்துல விழுந்துட்டான்."

"அடிச்சது யாரு?"

"பெரியவன்."

கல்லைப் பிடித்துக்கொண்டேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் அவர்கள் இருவரும் தனியாக இருந்தார்கள். ராத்திரிச் சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

லமாரா என் முறியாத கையை இறுகப் பிடித்தாள். அவள் கண்ணில் பயம் இல்லை. ஏக்கம்தான் இருந்தது.

"சின்னவன் இடது கைக்காரன், தாயி. உன் தம்பி இப்போ எந்தக் கையால சாப்பிடறான்?"