ஒரே தடவையில் முடிப்பது

"வாய்ல ரப்பர மாட்டிக்கினு இன்னாத்தண்ணா பேசற? போனக் குடு."

உதவியாளர் சுகன்யா கை நீட்டினாள். நாற்காலியில் படுத்திருந்த தங்கவேல் தரவில்லை. கடைவாய்ப் பல் ஒன்றை மட்டும் வெளியே விட்டு வாயை மூடியிருந்த ரப்பர் தாளுக்குள்ளிருந்து "ஆ... ஆ..." என்றார். மறுமுனையில் அவர் மனைவி தையலம்மாளின் குரல் அறைக்கே கேட்டது.

"அறுப்பு மிஷின் வந்து நிக்குதுய்யா. இப்ப வுட்டா பண்டசோழநல்லூருக்குப் போயிடுவான்."

டாக்டர் இளவரசி பல்லின் நரம்பெடுக்கும் ஊசியும் கையுமாக நின்றார். அந்தப் பல்லில் மூன்று நரம்புக் குழாய்கள். இரண்டைச் சுத்தம் செய்தாகிவிட்டது. மூன்றாவதையும் முடித்து அடைத்துவிட்டால் பல் பிழைத்துவிடும்.

பாகூரில் கிளினிக் வைத்ததிலிருந்து இதே கதைதான். ரூட் கெனாலை இரண்டு மூன்று தடவையாகச் செய்வதுதான் அவர் படித்த முறை. முதல் தடவையிலேயே வலி போய்விடும். வலி போனவர்கள் திரும்பி வருவதில்லை. தற்காலிகமாக வைத்த சிமெண்ட் கரும்பு கடித்துப் பெயர்ந்து, கன்னம் வீங்கியபின் வந்து, "அன்னிக்கே புடுங்கியிருந்தா இந்த ரோதன இல்ல" என்று அவரையே திட்டுவார்கள்.

எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிக்கும் பயிற்சிக்காகச் சென்னை போனார். டாக்டர் பதிவைப் புதுப்பிக்க இப்படிப் பயிற்சிகளில் சேர்க்கவேண்டிய புள்ளிகள் ஏற்கெனவே சேர்ந்திருந்தன, இதைக் கற்றுக்கொள்வதற்காகவே போனார். செய்து பழகுவதற்காக, ஏற்கெனவே பிடுங்கிய கடைவாய்ப் பற்களைக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். நகரத்து டாக்டர்கள் ஒன்றிரண்டுக்கே அலைந்திருந்தார்கள். இளவரசி ஊறுகாய் பாட்டில் நிறையக் கொண்டுபோனார். ஆளாளுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அதில் பாதி, காப்பாற்றியிருக்கக்கூடிய பற்கள்.

கடைசியில் சந்தேகம் கேட்கச் சொன்னார்கள்.

"பேஷன்ட் நடுவுல எழுந்து போயிட்டா என்ன சார் பண்றது?"

மேடையிலிருந்தவர் யோசித்தார். "ஏன் போறாங்க?" என்றார்.

பயிற்சிக்குப் பிறகு வந்த முதல் ஆள் தங்கவேல். அவர் போனை விடுவதாக இல்லை என்றதும் இளவரசி ரப்பர் தாளைக் கழற்றினார்.

"அரை மணி நேரம்ணா. அப்புறம் இந்தப் பல்லுக்காக நீங்க இங்க வரவே வேணாம்."

"வலிதான் போயிடுச்சேம்மா."

"மரத்துப்போக ஊசி போட்டிருக்கேன். வலி எங்கயும் போகல."

"அப்ப புடுங்கிடு. இன்னிக்கே முடிச்சிடறேன்னு நீதான சொன்ன?"

"நல்ல பல்ல பிடுங்க மாட்டேன்."

"எம் பல்லா, ஒன் பல்லா?"

சுகன்யா சிரித்துவிட்டாள். இளவரசி திரும்பிப் பார்த்ததும் தட்டைக் கழுவப் போனாள்.

"நெல்லு வூடு வந்து சேரட்டும்மா. பல்லு எங்க போவப்போவுது?"

"போயிடும்ணா! அதத்தான் காலையிலேருந்து கத்திக்கிட்டிருக்கேன்."

போன் மறுபடி அடித்தது. இளவரசி தற்காலிக சிமெண்ட்டைக் குழைத்து வைத்து அழுத்தினார். தேவைக்கு மேலேயே அழுத்தினார்.

"நாளைக்குக் காலையில வரணும்."

"வராம?" தங்கவேல் பைக் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்.

மறுநாள் காலை அவருக்காக நேரம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர் வரவில்லை. சுகன்யா போன் செய்தாள். தையலம்மாள் எடுத்தாள். நெல் காயப்போட்டிருப்பதாகவும் அவருக்கு வலி இல்லையென்றும் ராத்திரி கறி தின்றதாகவும் சொன்னாள். வேறு இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் பிடுங்கச் சொன்னார்கள். இளவரசி ஒருவரிடம் பேசிப் பார்த்தார். இரண்டு பல்லையும் பிடுங்கினார். மதியத்துக்குமேல் மின்சாரம் இல்லை. கிளினிக்கைச் சீக்கிரமே பூட்டினார்கள்.