உமி சுற்றிய இடம்

எந்த ஊரில் போய்ப் படுத்தாலும், பக்கத்தில் ஏரிக்கரை இருந்தால் எனக்குத் தூக்கம் பிடிக்காது. பாதிப் படிப்போடு கிளம்பிய நாளிலிருந்து லாரிமேலும் செங்கல் சூளையிலும் நன்றாகவே தூங்கியிருக்கிறேன். கரை விஷயம் வேறு.

உத்திரமேரூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஏரிக்கரைக்கு நேர் கீழே எங்கள் தெரு. கரை உடைந்தால் முதலில் போவது நாங்கள், பயிர் பிறகுதான். நான் சிறுபிள்ளையாய் இருந்தபோது, ஒரு கோடையில் ஊரே சேர்ந்து ஏரியைத் தூர் எடுத்தது. நிலம் உள்ளவர்கள் டிராக்டர் கொடுத்தார்கள், இல்லாத நாங்கள் முதுகைக் கொடுத்தோம். வரத்துக்கால்வாயில் முள் வெட்டி, கரையில் பனங்கொட்டை நட்டோம். அவ்வளவு பாடுபட்ட பிறகு, வந்த மழையில் ஒரு சொட்டையும் விட யாருக்கும் மனம் வரவில்லை. உபரி நீர் வழியும் கலங்கல்மேல் மணல் மூட்டை அடுக்கி உயர்த்தினார்கள். இரண்டாம் போகத்துக்கும் ஆகுமாம்.

ஒரு மத்தியானம் கரையின் வெளிச்சரிவில் விளையாடும்போது மண்ணுக்குள் சத்தம் கேட்டது. காதை வைத்துப் படுத்தேன். யாரோ மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் தம்பியை இழுத்து வந்தேன்.

"உள்ள யாரோ தண்ணி குடிக்கிறாங்க மாமா."

அவரும் காதை வைத்தார். சிரிக்கவில்லை. "நண்டு வளை. பெருசாயிகினு கீது," என்றார்.

வெளிச்சரிவில் தண்ணீர் கசிய ஆரம்பித்திருந்தது. ஊர் கூடியது. மூட்டைகளைப் பிரிக்கச் சிலர் கலங்கலுக்கு ஓடினார்கள். தண்ணீர் எந்த இடத்தில் உள்ளே இறங்குகிறது என்று பார்க்க, ரைஸ்மில் உமியை ஏரியில் தூவினார்கள். உமி சும்மா மிதந்தது. பிறகு ஓரிடத்தில் மட்டும் மெல்லச் சுற்ற ஆரம்பித்தது, காற்றே இல்லாமல்.

"கரை ஆள் கேக்குதுடா," என்றார் டிராக்டர்காரர், பாதி விளையாட்டாக.

"என்னயே குடுத்துடுங்க. எங்கக்காவுக்கு ஒரு ஆள் சோறு மிச்சம்," என்றார் மாமா.

"வாயக் கழுவுடா," என்றாள் அம்மா.

வைக்கோலில் களிமண்ணை உருட்டிக் கட்டிக்கொண்டு மாமா இறங்கினார். இடுப்பில் கயிறு கட்டச் சொன்னதற்கு, முள்ளில் சிக்கும் என்று மறுத்துவிட்டார். உமி சுற்றும் இடத்தில் தலை முழுகியது. சுற்று கொஞ்சம் வேகமானது. சட்டென்று நின்றது. உமி தன்பாட்டுக்குப் பரவியது.

"அடஞ்சிடுச்சி!" என்று வெளிச்சரிவிலிருந்து கத்தினார்கள். கசிவு நின்றிருந்தது. கரை முழுக்க ஆரவாரம். நானும் கைதட்டினேன். அம்மா மட்டும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேல வரலயே... அவன் எங்க?"

ஆரவாரம் ஒவ்வொரு வாயாக அடங்கியது. ஆட்கள் தண்ணீரில் குதித்தார்கள். நான் சரிவில் இறங்கி, பழைய இடத்தில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. மேலே ஓடிவந்து அம்மாவின் கையைப் பிடித்து, நல்ல சேதியைப்போலச் சொன்னேன்:

"குடிச்சி முடிச்சிட்டுதும்மா."

அறைந்தாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு சுவர்கூட விழவில்லையே.