மழைக்குப் பயந்து ஒட்டிய ஜன்னல்

வாடகைக்கு வீடு கிடைக்காததால், நானும் கணவரும் பலெர்மோ நகரின் ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரையோரம், படுக்கையும் அடுப்பும் உள்ள ஒரு பழைய கேம்பர் வான் வண்டியில் குடியிருந்தோம். காற்றடித்தால் வீடே ஆடும். பொலிஸார் வந்து எப்போது கிளம்பச் சொல்வார்களோ என்ற பதற்றம் வேறு.

கூரை ஜன்னல் ஒழுகிப் படுக்கை நனைந்ததால், ஒரு ஞாயிறு காலை அதை டேப்பால் இறுக ஒட்டினேன். குளிருக்குக் காஸ் அடுப்பையும் எரியவிட்டேன். சிறிது நேரத்தில் தலை இடித்தது, கால்கள் துவண்டன.

"இஞ்சாருங்கோ, எனக்கு ஏலாமல் கிடக்கு" என்று கணவரைக் கூப்பிட்டேன். படுத்திருந்தவரை உலுக்கினேன்; கண் திறக்கவில்லை. காற்றுப் போக வழியின்றி, அடுப்பிலிருந்து வந்த நச்சு வாயு வண்டிக்குள் பரவியிருந்தது. கதவைத் தள்ளித் திறந்து, அவரை மழைக்குள் இழுத்துப் போட்டேன்.

கண்விழித்தவர், "ஏனப்பா என்னை நனைக்கிறீர்?" என்றார். நான் அழுதுவிட்டேன்.

இப்போது குளிர்காய அடுப்பைப் பற்றவைப்பதே இல்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எப்போது வீடு கிடைக்குமென்று கதைத்துக்கொண்டிருப்போம்.