காலி என்று நீக்கிய சுவிட்ச்

இந்த ஜெர்மன் ஊரில் மதிய வேளையில் அலுவலக நடையில் எதிர்ப்படுகிற எல்லோரும் "மால்ட்சைட்" என்பார்கள். சாப்பிட்டாயா என்று கேட்கிறார்களென நினைத்து, வந்த புதிதில் ஒவ்வொருவரிடமும் நின்று "இன்னும் இல்லை" என்றேன். அது வெறும் முகமன்தான் என்று யாரும் சொல்லவில்லை; சிரித்துக்கொண்டே கடந்துபோனார்கள். ஊரிலிருந்து கேட்பவர்களிடம் நான் சொல்லுகிற கதை இது. சொல்லாத கதை ஒன்றும் உண்டு.

இங்கே என் வேலையில் கேபிள் கிடையாது. ஒரே இயந்திரத்துக்குள் நாற்பது கணினிகள் மென்பொருளாக ஓடும்; அவற்றை இணைக்கும் சுவிட்சும் மென்பொருள்தான். கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்டில் நான்கு வரி எழுதினால் சுவிட்ச் உருவாகும், இணைப்பு மாறும், அழியும். எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில், நிஜ சுவிட்சுக்காகப் பொய்க்கூரைக்குள் எலிப்புழுக்கையில் தவழ்ந்து கேபிள் இழுத்தவர்கள் நானும் ஆண்டனியும். ராயபுரத்தில் எங்களுக்கு ஒரே பங்குக் கோயில். பிறகு நான் இங்கே வந்தேன். அவன் என் ஜெர்மன் நிறுவனத்தின் சென்னைக் கிளையில் அமர்ந்து, நான் எழுதி அனுப்பும் ஸ்கிரிப்ட்டுகளைத் தினமும் ஓட்டினான்.

பயன்படாத சுவிட்சுகளை நீக்க ஒன்று எழுதினேன். ஓடும் கணினி எதுவும் இணைந்திராவிட்டால் சுவிட்ச் காலி என்று அதில் வைத்திருந்தேன். பராமரிப்புக்காக நிறுத்திய கணினிகளை நான் யோசிக்கவில்லை. ஒரு கிடங்கின் கணினிகளை அன்று அப்படி நிறுத்தியிருந்தார்கள். ஆண்டனி ஓட்டினான், சுவிட்ச் போயிற்று. மீண்டும் எழுந்த கணினிகளால் ஒன்றோடொன்று பேச முடியவில்லை. பகல் முழுக்க லாரிகள் கிடங்கு வாசலில் நின்றன.

ஸ்கிரிப்ட்டை ஓட்டியவர் யார் என்ற பதிவில் ஆண்டனியின் பெயர்தான் இருந்தது. மேலாளர் என்னை அழைத்து, "தவறு உங்கள் ஸ்கிரிப்ட்டில் இல்லையே?" என்றார்.

"இல்லை..." என்று தொடங்கினேன். 'அதில்தான்' என்று முடிக்க ஜெர்மன் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவர் தலையாட்டி எழுதிக்கொண்டார். சொல் கிடைத்தது. வாயைத் திறக்கவில்லை. என் விசா அந்த வேலையை நம்பி இருந்தது.

அந்த வாரமே ஆண்டனியை நீக்கினார்கள். போன் செய்தான்.

"எம்மேலதான் தப்பு மாமு. மிசினுங்க நின்னுகினு கீதான்னு பாக்காம ஓட்டிட்டேன். உம்பேருக்கு எதுனா ஆச்சா?"

"ஒண்ணும் ஆவலடா."

அடுத்த விடுமுறையில் போனபோது, கன்டெய்னர் யார்டில் வெயிலில் நின்று பெட்டி எண்களைக் குறித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் ஓடிவந்தான்.

"பொண்ணு பொறந்துகீது மாமு. நீதான் ஞானத்தகப்பன். மாட்டேன்னு சொல்லாத."

சொல்லவில்லை. ஞானஸ்நானத்தின்போது கோயிலில் குழந்தையை என் கையில் கொடுத்தார்கள். "பாவத்தை விட்டுவிடுகிறீர்களா?" என்று குருவானவர் கேட்டார். "விட்டுவிடுகிறேன்" என்றேன். ஆண்டனி பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். என் சட்டைப்பையில் அன்றைய விமானச் சீட்டு துருத்திக்கொண்டிருந்தது. குழந்தை அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டது. சீட்டு கிழிந்துவிடாமல் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன்.