பெரிய வெள்ளியில் மூன்று கிண்ணம்

எக்குவடோருக்குப் போகிறேன் என்று சொன்னதும், நான் குடியிருக்கும் மோர்னிங்சைட்டில் என்னைத் தெரிந்த எல்லோரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். “அங்கை எங்கடை ஆக்கள் ஆரும் இருக்கினமோ?” இல்லை என்றால் முகம் ஒரு மாதிரிப் போய்விடும். எங்கள் ஆட்கள் உலகம் முழுக்கச் சுற்றுவார்கள். ஆனால் சித்தி வீடு, மச்சாள் வீடு என்று வீடு வீடாகத்தான். இலண்டனுக்குப் போனாலும் பாரிசுக்குப் போனாலும் அதே இடியப்பம், அதே சொதி, அதே கலியாண வீடியோ. எனக்கு அலுத்துவிட்டது. எங்கள் ஆட்கள் ஒருவரும் இல்லாத ஒரு நாட்டைப் பார்க்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

ஆசையைக் கிளப்பியவள் என்னோடு வேலை செய்பவள். மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கும் சமையல்கூடத்தில் நாங்கள் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவர்கள். அவள் எக்குவடோர்க்காரி, என்னைவிட இளையவள். எங்களுக்குப் பொதுவான பாஷை அரைகுறை ஆங்கிலம். ஆனாலும் அவள் சொன்னதெல்லாம் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே பதிந்து கிடக்கிறது. இங்கும் அப்படியே எழுதுகிறேன்.

“ஹோட்டல் ஒண்டும் வேண்டாம் அக்கா. என்ரை ஆக்கள் ஒருத்தர் மாறி ஒருத்தர் உங்களைக் கொண்டுபோய் அம்மாவிட்டை விடுவினம்” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அம்மா ஃபோனிலை நல்லாத்தான் கதைக்கிறா. எண்டாலும் மறதி தொடங்கியிட்டுதோ எண்டு எனக்குப் பயமா இருக்கு. கேட்டால் சிரிச்சு மழுப்புறா. நீங்கள் கிட்ட இருந்து பார்த்து உண்மையைச் சொல்லவேணும். அவவுக்கு ஏலாட்டி நான் போயிடுவன்.”

இங்கே தங்குவதற்கான அவளுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. இப்போது நாட்டைவிட்டுப் போனால் திரும்பி வர முடியாது. இத்தனை வருடம் குளிரில் பஸ்ஸுக்கு நின்றதெல்லாம் வீண். எங்கள் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கீட்டோவில் அவளுடைய மச்சாள் விமான நிலையத்துக்கே வந்து கட்டிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். அடுத்தநாள் என்னை பஸ்ஸில் ஏற்றி, மடியில் அவித்த சோளப்பொத்தியும் சீஸும் வைத்துவிட்டு, என்னைக் கவனமாக இறக்கிவிடும்படி கொண்டக்டரை மிரட்டிவிட்டும் போனாள். ரியோபாம்பாவில் ஒரு மாமா காத்திருந்தார். அங்கே ஒரு பெரிய எரிமலை இருக்கிறது. நான் போன அன்று முழுவதும் முகில் மூடிவிட்டது. மனுசன் அது தன்னுடைய குற்றம் போல என்னிடம் மன்னிப்புக் கேட்டார். விடியக் காலையில் கதவைத் தட்டி, “ஓடி வாங்கோ, ஓடி வாங்கோ” என்று கையால் காட்டினார். போர்வையோடு ஓடினேன். தெருமுனையில் வெள்ளையாக, வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு மலை நின்றது. மாமா மலையைப் பார்க்கவில்லை, நான் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆட்கள் இல்லாத நாடு தேடிப் போன எனக்கு, போகிற இடமெல்லாம் சொந்தக்காரர்.

அவளுடைய அம்மா இருப்பது தெற்கே, குவெங்காவில். மெலிந்த, நிமிர்ந்த மனுசி. பெரிய வெள்ளிக்கு முதல்நாள்தான் போய்ச் சேர்ந்தேன். வாசலில் கால் வைத்ததுமே என் சோதனையைத் தொடங்கிவிட்டேன். எனக்கு இருந்த ஸ்பானிஷ், மகள் சாப்பாட்டுத் தட்டுகளுக்கு நடுவே சொல்லித் தந்தது, போதாததற்குக் கைபேசி. மகள் எந்தப் பள்ளிக்கூடம், எந்த வயதில் கையை முறித்தாள், எல்லாம் கேட்டேன். ஒன்றிலும் பிழை விடவில்லை. சந்தையில் பூசணி விற்றவன் மிச்சக்காசைக் குறைத்துக் கொடுத்தபோது ஒரு பார்வை பார்த்தா. அவன் வாய் திறக்காமல் சரிசெய்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

பெரிய வெள்ளிக்கு அங்கே ஃபனெஸ்கா என்று ஒன்று காய்ச்சுகிறார்கள். பன்னிரண்டு சீடர்களுக்குப் பன்னிரண்டு தானியம். அவரை, கடலை, சோளம், பயறு என்று எல்லாவற்றையும் பூசணியோடும் உப்பிட்டுக் காய்ந்த மீனோடும் பாலில் வேகவைப்பது. எங்கள் கூழைப் பாலில் காய்ச்சினால் எப்படி இருக்கும், அப்படி. அம்மாவும், உதவிக்கு வந்த பக்கத்துவீட்டுப் பெண்ணும், நானும் உட்கார்ந்து அவரையைத் தோலுரித்தோம். பன்னிரண்டில் ஒன்றையும் அம்மா மறக்கவில்லை. எங்களுக்கோ பெரிய வெள்ளி என்றால் ஒருசந்தி, ஒருநேரக் கஞ்சி. அதே மதம், அதே நாள், அங்கே இப்படி ஒரு விருந்து! ஆண்டவர் பார்த்துக்கொள்வார் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் ஒரு கிண்ணம் வந்தது. மேலே அவித்த முட்டையும் பொரித்த வாழைப்பழமும். வழித்துச் சாப்பிட்டேன். பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு அம்மா இன்னொரு கிண்ணத்தோடு வந்து, “இருங்கோ பிள்ளை, நீங்கள் இன்னும் சாப்பிடேல்லை” என்றா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் மாமிமாரின் அதே வசனம். எங்கள் வீடுகளில் மூச்சு முட்டச் சாப்பிட்டவரையும் ஒன்றும் சாப்பிடவில்லை என்றுதான் சொல்வார்கள். பக்கத்துவீட்டுப் பெண் என் கையை மெல்ல அழுத்தினாள். அவளும் சாப்பிடச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். கோயிலுக்குப் போய் வந்ததும் மூன்றாவது கிண்ணம். “இருங்கோ பிள்ளை, நீங்கள் இன்னும் சாப்பிடேல்லை.” வயிறு வெடிக்கும் போல இருந்தது. அன்பை எப்படித் தட்டுவது?

திரும்பி வந்து முதல் நாள் வேலை. இடைவேளையில் அவள் எனக்கு முன்னால் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு, சாப்பிடாமல் இருந்தாள். நான் தீர்ப்புச் சொல்லும் நீதவான் மாதிரி எல்லாவற்றையும் அடுக்கினேன். பள்ளிக்கூடம், முறிந்த கை, பூசணிக்காரன், பன்னிரண்டு தானியம். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் வாய் எடுத்தாள். எனக்கும் சந்தோசம் தாங்கவில்லை.

“உபசாரம் எண்டால் உங்கடை அம்மாட்டைத்தான் படிக்கவேணும்” என்றேன். “அண்டைக்கு எனக்கு மூண்டு கிண்ணம் தந்தவ.”

கரண்டி நின்றது. “மூண்டோ?”

“ஓம். கழுவிக் கவிழ்த்த பிறகும் விடேல்லை.”

“அம்மா அண்டைக்கு ஆருக்கும் ரெண்டாந்தரம் தரமாட்டா. அயலுக்கெல்லாம் பங்கு போகவேணும் எண்டு எங்களுக்கே தாறேல்லை” என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “தரேக்கை என்ன சொன்னவ?”

சொன்னேன்.

“ரெண்டாந்தரமும் மூண்டாந்தரமும் உதேதானோ?”

“ஓம்” என்றேன். அந்தச் சொல் வாயைவிட்டுப் போகும்போதுதான் எனக்கு விளங்கியது. பக்கத்துவீட்டுப் பெண் என் கையை எதற்கு அழுத்தினாள் என்பதும் விளங்கியது.

அவள் அழவில்லை. பெட்டியை மூடி ஓரமாக வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தாள். எட்டிப் பார்த்தேன். விமான ரிக்கற் பார்த்துக்கொண்டிருந்தாள். போய்வர அல்ல, போக மட்டும்.